ஃபிலிஸ் பொன்சாமிக்குக் கிடைத்த விருது

ஃபீஜித் தீவுகளின் தலைநகரான சுவாவுக்கு மேலே குன்றில் இருந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஃபிலிஸ் பொன்சாமி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. அது 1984. பதவியின் பெயர் பரிசோதனைக்கூட உதவியாளர். கூடம் என்பது பேச்சுக்குத்தான். ஒரே ஒரு அறை, இரண்டு அலமாரி, மழை அடித்தால் ஒழுகும் ஒரு ஜன்னல். சுவாவில் மழை அடிக்காத நாள் குறைவு.

தினமும் காலையில் கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறுவாள். சுவாவிலிருந்து பக்கத்து ஊரான நசினு வரைக்கும் இருபது குழாய்களில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரு சின்ன மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் ரோஜா நிறமாகும். நிறம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குளோரின். அதைப் பார்த்து ஓர் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்கள் மாடியில் உட்கார்ந்திருந்த இஞ்சினியர்கள். நாலு பேர். நாலு பேரும் ஆண்கள்.

1986 கடைசியில், நசினுவில் ஒரு புதுக் குடியிருப்பின் குழாயில் தண்ணீர் நிறமே மாறவில்லை. மறுநாளும் மாறவில்லை. ஃபிலிஸ் தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அப்பலசாமி என்ற இஞ்சினியர். ஐம்பது வயது, நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"குப்பி அழுக்கா இருக்கும். நல்லாக் கழுவிட்டு மறுபடி பாரு" என்றார், தலையைத் தூக்காமல்.

அவள் கழுவினாள். மறுபடி பார்த்தாள். அதோடு விடவில்லை. பதினான்கு நாள், காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, அதே தெருவின் மூன்று குழாய்களில் பிடித்து அளந்தாள். கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தாள். தெருவின் தொடக்கத்தில் மேலே இருந்த கோடு, நடுவில் ஒரே இடத்தில் செங்குத்தாக விழுந்தது. அந்தத் தாளை அப்பலசாமியின் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அந்த இடத்தைத் தோண்டினார்கள். குழாய் விரிசல் விட்டிருந்தது. பக்கத்துச் சாக்கடை அதற்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஏற்கெனவே ஏழெட்டுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தன. சாயங்காலம் அப்பலசாமி பரிசோதனை அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு காகிதம் இருந்தது.

"மொதல் நாளே ஒம்பேச்சக் கேட்டிருக்கணும்" என்றார். "இந்தா. நோட்டீஸ் போர்டுல தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஒனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு."

நியூசிலாந்தில் இருந்த பெண் பொறியாளர் சங்கம் ஒன்று அறிவித்திருந்த விருது அது. பசிபிக் தீவுகளில் அறிவியல், பொறியியல் துறைகளில் வேலை செய்யும் பெண்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆக்லாந்தில் முழுப் பட்டப்படிப்பு. படித்து முடித்ததும் ஐந்து வருஷம் சொந்த நாட்டில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

1987 மார்ச்சில் சுவாவில் நேர்காணல் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள். பாலம் கட்டிப் பழகிய, கை காய்த்துப்போன ஓர் அம்மாள் நடுவில் இருந்தார். அவர்தான் கேட்டார்: "இருக்கிற வேலையை நன்றாகத்தானே செய்கிறாய்? இஞ்சினியர் ஆக வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய்?"

ஃபிலிஸ் இரவெல்லாம் தயார் செய்த பதில் மறந்துபோனது. உண்மை வாயில் வந்தது.

"நான் அளக்கிறேன். அளந்ததை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வேறு ஒருவர். அதற்குள் பதினான்கு நாள் போய்விடுகிறது."

அம்மாள் தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மே மாதம் பதினான்காம் தேதி காலையில் முகமூடி அணிந்த ராணுவத்தினர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். புது அரசாங்கத்துக்கு அப்போது ஒரு மாத வயது. இந்திய வம்சாவளியினர் அதிகம் இருக்கிற அரசாங்கம் என்பதே அதன் மேல் சொல்லப்பட்ட குற்றம். சுவாவில் கடைகளை உடைத்தார்கள். பஸ் நின்றது. தபாலும் நின்றது. ஃபிலிஸுக்கு விருது கிடைத்துவிட்டது என்ற கடிதம், எழுதப்பட்டு ஒரு மாதம் கழித்து, ஓரம் கிழிந்து, ஜூனில் வந்து சேர்ந்தது. படிப்பு தொடங்குவது மறு வருஷம் பிப்ரவரியில்.

லவுத்தோக்கா நகரத்தில் இருந்த அப்பா பொன்சாமிக்கு அவள் போன் செய்தாள். அவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அம்மா காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. வீட்டில் அவர் தனி ஆள். அவள் செய்தியைச் சொன்னாள்.

"நெசமாவா?"

"நெசந்தான் அப்பா."

"கர்த்தர் ஒரு கதவத் தெறந்துட்டார்மா. போயிடு. போய்ட்டு என்னையும் கூப்புட்டுக்கோ. இந்த எடத்துல இனிமே நமக்கு வேல இல்ல."

அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மாடியில் இருந்த நாலு இஞ்சினியர்களில் இரண்டு பேர் ஆகஸ்டுக்குள் சிட்னிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் அக்டோபரில். செப்டம்பரில் ராணுவம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வேலை செய்யக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. தண்ணீர்த் துறைக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு இருப்பது எல்லாச் சிப்பாய்களுக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பஸ் இல்லாததால், ஃபிலிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே குழாய் குழாயாகத் தண்ணீர் பிடித்து வந்தாள். சாலைத் தடுப்பில் ஒரு சிப்பாய் மறித்தான். ஃபீஜி ஹிந்தியில்தான் பேசினான்.

"பெட்டியில என்ன?"

"தண்ணி."

"ஞாயித்துக்கெழம வேல செய்யக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். நானும் மெதடிஸ்ட்தான், சர்ச்சுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். ஆனா ஞாயித்துக்கெழமையும் எல்லாரும் தண்ணி குடிக்கிறாங்களே."

அவன் ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்தான். "தண்ணியா இருந்தா குடிச்சுக் காட்டு."

"நான் குடிச்சா நீங்க நம்பணும். நீங்களே குடிச்சிட்டா சந்தேகமே இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடமடவென்று குடித்துவிட்டுக் காலிக் குப்பியை நீட்டி, "வினாக்கா" என்று நன்றி சொன்னான்.

"அது எட்டாவது கொழா" என்றாள் ஃபிலிஸ். "இப்ப ரெண்டு மைல் திரும்பிப் போய் மறுபடி பிடிக்கணும்."

சிப்பாய் தோழனிடம் ஏதோ சொல்லிவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவளோடு எட்டாவது குழாய்வரை நடந்தான். அவளுக்கு அந்த நாட்களில் நடந்த எத்தனையோ விஷயங்கள் மறந்துபோயின. அது மட்டும் மறக்கவில்லை.

ஜனவரியில், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, சங்கத்திலிருந்து இன்னொரு கடிதம். உங்கள் நாட்டின் நிலைமையைப் பார்த்து எங்கள் குழு கூடிப் பேசியது. ஐந்து வருஷ நிபந்தனையை உங்களுக்கு ரத்து செய்கிறோம். படிப்பு முடிந்தபின் நீங்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நாந்தி விமான நிலையத்தில் பொன்சாமி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்து மகளின் கைப்பைக்குள் தானே வைத்தார். "பத்தரமா வெச்சுக்கோ" என்றார்.

ஆக்லாந்தில் முதல் வருஷம் கஷ்டம். வகுப்பில் அறுபது பேர், பெண்கள் ஐந்து. கணக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போயிருந்தது. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை அவள் நாலு மணி நேரம் போட்டாள். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடும், எங்கே அழுத்தம் குறையும் என்று வந்தபோது வகுப்பே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் பாடத்தில் படித்ததை அவள் தெருத்தெருவாகப் பார்த்தவள்.

கடைசி வருஷத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நசினுவின் தண்ணீர் விநியோகம் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கு எண்கள் வேண்டும். சுவா நிலையத்தில் பம்ப் ஓட்டுநராக இருந்த சைருசிக்குக் கடிதம் எழுதினாள். சைருசி பூர்வகுடி ஃபீஜிக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவள் பெட்டி தூக்கிய காலத்திலிருந்து பழக்கம். மூன்று வாரத்தில் ஒரு பெரிய கட்டு வந்தது. தொட்டி மட்டம், பம்ப் அழுத்தம், குளோரின் அளவு: மணிக்கு ஒரு தடவை, பென்சிலில், மூன்று வருஷத்துத் தாள்கள். மேலே ஒரு குறிப்பு.

"எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை. அப்பலசாமி ஐயாவும் கனடா போய்விட்டார். மாடியில் இப்போது ஆள் இல்லை. உங்கள் அறை பூட்டிக் கிடக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

ஃபிலிஸ் அந்தத் தாள்களைத் தரையில் விரித்து வைத்து வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தொட்டியின் மட்டம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருந்தது. எங்கோ பெரிய கசிவு. மாடியில் ஓர் ஆள் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருப்பார். சைருசி நேர்மையாக எழுதிக்கொண்டே இருந்தார், யாரும் படிக்காத தாளில், மணிக்கு ஒரு தடவை.

பட்டம் வாங்கியதும் நியூசிலாந்திலேயே ஹாமில்டன் நகரத்தில் அவளுக்கு நல்ல வேலை ஒன்று தயாராக இருந்தது. அவள் அதை வேண்டாம் என்றாள். தோழிகள் நாட்டுப்பற்றா என்று கேட்டார்கள். அப்படி ஒரு வார்த்தையை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "அந்தத் தாளையெல்லாம் படிச்சாச்சு. படிச்ச பொறகு சும்மா எப்படி இருக்கறது?" என்றுதான் சொன்னாள்.

1991 டிசம்பரில் நாந்தியில் இறங்கியபோது பொன்சாமி வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். லவுத்தோக்கா போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா வந்தே?"

"வேல இருக்கு அப்பா."

"எல்லாரும் அழுதுகிட்டுப் போறாங்க. ஒனக்கு வழி குடுத்தும் நீ வந்து நிக்கிற." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் நாலு வருசமா அந்த ஆலையில, நாளைக்குப் போயிடலாம், நாளைக்குப் போயிடலாம்னு..."

முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பண்டிகைக்கு வருவார், சாப்பிடுவார், போவார். மகள் இஞ்சினியர் என்று ஆலையில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

துறையில் அவளை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் தற்காலிகமாக. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மேலே போனார்கள். பூர்வகுடி ஃபீஜியர்களுக்கே முன்னுரிமை என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவள் பெயர் அப்படி. ஃபிலிஸ் முதலில் செய்த காரியம் மூன்றாம் தொட்டியின் கசிவைத் தேடியது. சைருசியோடு குழாயில் ஊன்றிய இரும்புக் கம்பியைக் காதில் வைத்து, கசியும் சத்தத்தைத் தேடிக் குழாய் வழியே நடந்து, ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தாள். அன்றையிலிருந்து சைருசி அவளை "மராமா" என்று அழைக்க ஆரம்பித்தார். மரியாதைக்குரிய அம்மா என்று பொருள். பாதி கேலி, பாதி நிஜம்.

மறு வருஷம் செசில் என்ற பூகோள வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மென்மையான மனிதர், அவள் மழையில் நனைந்து சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தால் சிரித்துக்கொண்டே சோறு போடுவார். நசினுவில் வீடு. 1993-ல் மகள் ஹேலி பிறந்தாள். ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பொன்சாமியும் அவர்களோடு வந்து தங்கினார்.

பிறகு 2000 வந்தது. மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்தைப் பிடித்து, பிரதம மந்திரியையும் மற்றவர்களையும் பணயக்கைதிகளாக வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் மலைநாட்டு அணையை ஒரு கூட்டம் கைப்பற்றியது. தீவின் மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான். மின்சாரம் போனது, மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் குன்றின் மேலிருக்கும் தொட்டிகள் ஒரு நாளில் வற்றிவிடும்.

டீசலில் ஓடக்கூடிய பழைய பம்ப் ஒன்றே ஒன்று இருந்தது. சைருசி அதை உயிரோடு வைத்திருந்தார். ஃபிலிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒரு பம்ப் ஏற்றும் தண்ணீர் ஒரே ஒரு தொட்டிக்குப் போதும். அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு கிளை: ஒன்று பெரிய ஆஸ்பத்திரிக்கு, மற்றொன்று நசினுவின் பாதிக்கு. இரண்டுக்கும் விட்டால் இரண்டும் காயும்.

மேலதிகாரியைக் கேட்டாள். அவர் எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னார். யாரிடம் வாங்குவது? அந்த வாரம் நாட்டை ஆள்வது யார் என்றே யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"நசினு வால்வை மூடிடலாம்" என்றாள் சைருசியிடம்.

சைருசி அவளைப் பார்த்தார். "மராமா, ஒங்க வீடு அந்தப் பக்கந்தானே?"

"ஒங்க வீடுந்தான்."

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் சாலையோரத்துக் குழிக்குள் இறங்கினார்கள். வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆள் உயரச் சாவியைப் போட்டு, இரண்டு பேரும் தோள் கொடுத்துத் திருப்பினார்கள். வேகமாக மூடினால் தண்ணீரின் வேகம் குழாயை உடைத்துவிடும். ஒரு சுற்று, நிறுத்தம், இன்னொரு சுற்று. நாற்பத்திரண்டு சுற்று. மேலே ஜீப்பில் வந்த சிப்பாய்கள் துப்பாக்கியோடு எட்டிப் பார்த்தார்கள். ஃபிலிஸ் குழிக்குள்ளிருந்து, "ஆஸ்பத்திரிக்குத் தண்ணி வேணுமா வேணாமா? வேணும்னா ஒரு ஆள் எறங்கி வந்து பிடிங்க" என்று சத்தம் போட்டாள். ஒருவன் துப்பாக்கியைத் தோழனிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

பதினோரு நாள் அந்த வால்வு மூடியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் குழாய் நிற்கவில்லை. பிரசவங்கள் நடந்தன, அறுவை சிகிச்சைகள் நடந்தன. நசினுவுக்கு அவள் லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்தாள். எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்தாள். முதல் நாளிலிருந்தே லாரியில் தானும் ஏறிப் போனாள். ஜனங்கள் திட்டினார்கள், வாளியை அவள் காலடியில் எறிந்தவர்களும் உண்டு. யாரிடமும் அவள் மேலதிகாரி பெயரைச் சொல்லவில்லை. "நாந்தான் மூடினேன். ஆஸ்பத்திரிக்காக மூடினேன். இன்னும் எத்தன நாள்னு எனக்குத் தெரியாது" என்றாள். அதையே ஒவ்வொரு தெருவிலும் சொன்னாள்.

ஆறாம் நாள் அக்கம்பக்கத்தார் இருபது பேர் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இஞ்சினியர் வீட்டில் ரகசியமாகத் தண்ணீர் வருகிறதென்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஃபிலிஸ் வீட்டில் இல்லை. செசில் வாசலுக்கு வந்து நின்றார். பொன்சாமி சட்டைகூடப் போடாமல் உள்ளேயிருந்து வந்து கேட்டை அகலத் திறந்தார்.

"வாங்க, உள்ள வாங்க. எல்லாக் கொழாயும் தொறந்து பாருங்க. ஒரு சொட்டு வந்தா எம்மகள நானும் சேந்து திட்றேன்."

இரண்டு பேர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சமையலறையில் ஒரு வாளி, குளியலறையில் அரை வாளி, மூடி போட்ட ஒரு குடம்.

"பாத்தீங்களா?" என்றார் கிழவர். "நாலு வருசம் வெளிநாட்டுல படிச்சா. இருந்துடுன்னு நாந்தான் சொன்னேன். கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒங்க மருமக எதக் குடிச்சிருப்பா, சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவருடைய மருமகள் அப்போது நிஜமாகவே பிரசவ வார்டில் இருந்தாள். அவர் முதலில் திரும்பி நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள். சாயங்காலம் வந்த ஃபிலிஸிடம் இதையெல்லாம் செசில்தான் சொன்னார். பொன்சாமி ஒன்றும் நடக்காதது போல வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கையெல்லாம் காச்சுப் போச்சேம்மா" என்றார், வானொலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மின்சாரம் திரும்பியபோது அவள் உடனே வால்வைத் திறந்துவிடவில்லை. காலியாகக் கிடந்த குழாயில் அழுக்கு சேர்ந்திருக்கும். கழுவிவிட்டு, இருபது குழாய்களிலும் மாத்திரை போட்டு, இருபதிலும் நிறம் வந்த பிறகே திறந்தாள். அந்த மாதங்களில் தண்ணீரால் ஒருவர்கூட நோயில் விழவில்லை.

ஆனால் வீட்டில் வேறொன்று முறிந்தது. செசிலின் பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார்கள் அந்த வருஷம் போய்விட்டார்கள். வகுப்பில் ஹேலியின் பக்கத்தில் உட்கார்ந்த பெண் போய்விட்டாள். செசிலுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது.

"போதும் ஃபில்" என்றார். "பதிமூணு வருசத்துல மூணு தடவ பாத்தாச்சு. இந்தப் பிள்ளையும் பாக்கணுமா?"

அவர் சொன்னது தப்பு என்று ஃபிலிஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிலையத்துக்குப் புது ஜெனரேட்டர்கள் போடும் வேலை அப்போதுதான் அவள் கைக்கு வந்திருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். 2001 ஜனவரியில் செசிலும் ஹேலியும் போனார்கள். வேலை முடிய மூன்று வருஷமானது. முடிந்தபோது அடுத்தது வந்தது. அவள் போகவில்லை, அவர் திரும்பவில்லை. சண்டை இல்லை, விவாகரத்து இல்லை. டிசம்பரில் அவள் ஒரு மாதம் அங்கே இருப்பாள். அவளை மெச்சுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் தாண்டியதில்லை. "அதுல நான் ஜெயிக்கல" என்று சொல்வாள்.

2003-ல் அதே பெண் பொறியாளர் சங்கம், வேலையில் இருக்கும் பெண்களுக்கு ஒரு விருதைத் தொடங்கியது. விண்ணப்பத்தோடு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஃபிலிஸ் விண்ணப்பிக்கவில்லை, சைருசி அவளுக்குத் தெரியாமல் படிவம் வாங்கினார். அவளுடைய மேலதிகாரிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் நாட்டிலேயே இல்லை. கனடாவிலிருந்து அப்பலசாமி நாலு பக்கம் எழுதி அனுப்பினார். ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஒன்று எழுதினார். மூன்றாவதை சைருசியே எழுதினார், ஆறே வரி: "நான் இஞ்சினியர் அல்ல. பம்ப் ஓட்டுகிறேன். இருபது வருஷத்தில் எனக்குப் பல மேலதிகாரிகள். நான் எழுதும் எண்களைப் படித்தவர் இவர் ஒருவர்தான். மூட வேண்டி வந்தபோது தன் வீட்டு வால்வை முதலில் மூடினார். இவருக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் நாளை காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்."

கொடுத்தார்கள். அதோடு, படிப்பு விருதுக்கான தேர்வுக் குழுவில் உட்காரவும் அழைத்தார்கள். விருதாக வந்த கண்ணாடிப் பலகையைப் பொன்சாமி தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்தபோது, பார்க்க வந்த ஆலை நண்பர்கள், "இஞ்சினியர் மகள் இவள்தானா" என்று கேட்டார்கள். எப்போதோ அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

2006 டிசம்பரில் இன்னொரு ராணுவப் புரட்சி. அடுத்த ஜூலையில் தேர்வுக் குழு சுவாவில் கூடியது. அப்போது விடுமுறைக்கு வந்திருந்த ஹேலிக்குப் பதினான்கு வயது; அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய பேச்சு கொஞ்சம் சூடானது. அதுவரை படிப்பு விருது வாங்கிய ஒன்பது பெண்களில் ஆறு பேர் நாடு திரும்பவில்லை. இனிமேல் கட்டாயமாக உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும், திரும்பாதவர்களிடம் செலவைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார் குழுவில் ஒருவர். பலரும் தலையாட்டினார்கள்.

"வேண்டாம்" என்றாள் ஃபிலிஸ்.

"நீங்களா சொல்கிறீர்கள்? நீங்கள் திரும்பி வந்தவர்."

"என்னை யாரும் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டிருந்தால் ஐந்து வருஷத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறாம் வருஷம் போயிருப்பேன். போகிற பெண்ணுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை உண்டாக்கியது அவள் இல்லை. அங்கே போயும் அவள் இஞ்சினியர்தான். வர வேண்டுமென்றால் இங்கே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்போம். அதுதான் நம் வேலை."

ஓட்டெடுப்பில் அவள் பக்கம் ஒரே ஓட்டு அதிகம். அவள் கேட்ட இன்னொன்றுக்கும் சம்மதித்தார்கள்: பரிசோதனைக்கூடத்தில் குப்பி கழுவும் பெண்களும் பம்ப் நிலையப் பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

நசினு போகும் மினிபஸ்ஸில் ஹேலி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள்; அம்மா அவளுக்குத் தமிழில் பதில் சொல்வாள், பாதி புரியும்.

"அப்பா போனதையும் சேர்த்துத்தான் சொன்னீர்களா?"

"ஆமா."

"அவர் மேல் உங்களுக்குக் கோபமே இல்லையா?"

"இல்லமா. அவர் ஒன்னக் காப்பாத்தப் போனாரு."

"எனக்கு உங்கள் மேல் இருந்தது. நிறைய" என்றாள் ஹேலி. பிறகு, "இப்பவும் கொஞ்சம் இருக்கிறது."

"இருக்கட்டும்" என்றாள் ஃபிலிஸ். "மெதுவாப் போவட்டும்."

அந்த வருஷம் விருது வாங்கிய ஷரீன் ஆக்லாந்தில் வேதிப் பொறியியல் படித்து, கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அடுத்ததாக வாங்கியவள் லம்பாசா என்ற ஊரில் ஒரு பரிசோதனை அறையில் குப்பி கழுவிக்கொண்டிருந்த பெண். அவள் திரும்பி வந்து, இப்போது சுவா நிலையத்தின் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஃபிலிஸ் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றாள். ஷரீனிடமிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் வரும். மாடியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். இரண்டுக்கும் அவள் ஒரே அக்கறையோடு, சில சமயம் படம் வரைந்துகூட, பதில் சொல்கிறாள். டிசம்பரில் வழக்கம்போல பிரிஸ்பேன் போகிறாள். போன டிசம்பரில் அங்கே தோட்டத்துக் குழாய் ஒழுகியது. செசில் பிளம்பரைக் கூப்பிட்டிருந்தார். ஹேலி போன் செய்து பிளம்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.